பெத்தது எத்தனை, நின்னது எத்தனை

இந்தியாவின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. சின்னச் சட்டம்தான். அதன் இரண்டாவது பிரிவு, எல்லாச் சட்டங்களிலும் இருப்பதுபோல, சொற்களுக்குப் பொருள் சொல்கிற பகுதி. யாரும் நின்று வாசிக்காத இடம். அங்கே இரண்டு வரையறைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பிறப்பு என்றால் உயிரோடு பிறப்பது, அல்லது உயிரில்லாமல் பிறப்பது. இறப்பு என்றால், உயிரோடு ஒரு பிறப்பு நிகழ்ந்த பிறகு, உயிரின் அடையாளங்கள் எல்லாம் நிரந்தரமாக மறைந்துபோவது. இரண்டையும் கூட்டினால் கிடைப்பது இது: வயிற்றிலேயே இறந்து வெளியே வந்த குழந்தை, சட்டத்தின் கணக்கில், பிறந்திருக்கிறது. ஆனால் இறக்கவில்லை.

சட்டம் எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. குழந்தை இறப்பு விகிதம் போன்ற கணக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க இப்படிப் பிரிப்பதுதான் உலக வழக்கம். இருந்தாலும், எழுதியவரின் நோக்கத்தோடு நம் வாசிப்பை நிறுத்திக்கொள்வது இல்லையே. அந்தப் பிரதி உலகத்தில் போய் என்ன செய்கிறது என்றும் பார்ப்போம். இந்தச் சட்டத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அப்படிச் சில பிரதிகளைப் பற்றியது. ஒரு சட்டம், அதன் படிவம், ஒரு புறநானூற்றுப் பாடல், ஒரு அமெரிக்க நினைவுக்குறிப்பு, ஒரு ஐநா அறிக்கை. எல்லாமே செத்துப் பிறக்கும் குழந்தையைப் பற்றி ஏதோ ஒரு வகையில் எழுத முயல்கிறவை. எண் என்றால் ஈரமில்லாதது, கதை என்றால் ஈரமுள்ளது என்று பிரித்துப் பேசுவது இலக்கிய வாசகர்களான நமக்குப் பழக்கம். இந்த விஷயத்தில் அந்தப் பிரிவினை உதவாது. இந்தக் குழந்தைகளை நாம் சரியாக எண்ணாததற்கும் சரியாக எழுதாததற்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் வாதம்.

1

சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் மூன்று அறிக்கைப் படிவங்கள் உண்டு. படிவம் 1 பிறப்புக்கு. படிவம் 2 இறப்புக்கு. படிவம் 3 உயிரற்ற பிறப்புக்கு. மூன்றாவது படிவம் என்ன கேட்கிறது? நாள். ஆணா, பெண்ணா. அப்பா பெயர், அம்மா பெயர். பிறந்த இடம். அம்மாவின் வயது, அம்மாவின் படிப்பு. பிரசவம் பார்த்தது யார். எத்தனை வாரக் கர்ப்பம். தெரிந்திருந்தால், சாவுக்குக் காரணம். அவ்வளவுதான். படிவம் 1இல் 'குழந்தையின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. படிவம் 3இல் அது இல்லை.

இதே நாட்டில் எட்டு வருஷம் முன்னால் இன்னொரு சட்டம் எழுதப்பட்டது. 1961இன் மகப்பேறு நலச் சட்டம். அதில் 'குழந்தை' என்ற சொல்லுக்குக் கொடுக்கப்பட்டுள்ள விளக்கம் ரொம்பச் சின்னது: இறந்து பிறந்த குழந்தையும் அதில் அடங்கும். விடுப்பும் சம்பளமும் கேட்டு ஒரு பெண் வந்து நிற்கும்போது, அவள் பெற்றது குழந்தைதான் என்று அரசு ஒப்புக்கொள்கிறது. புள்ளிவிவரம் எழுதும்போது அதே குழந்தையைத் தனிப் பதிவேட்டில், பெயரில்லாமல் எழுதுகிறது. முரண்பாடு என்று இதைச் சொல்லத் தேவையில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. 'இது ஒரு ஆளா, இல்லையா' என்ற கேள்விக்கு இயற்கை விடை சொல்வதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்த விடைதான் இருக்கிறது.

வார எண்ணிக்கையையும் பாருங்கள். இந்திய விதிகளில் 28 வாரம் முடிந்திருந்தால்தான் அது உயிரற்ற பிறப்பு. நாடுகளை ஒப்பிடும்போது உலக சுகாதார நிறுவனமும் 28 வாரத்தைத்தான் வைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் 1992 வரை 28 ஆக இருந்தது, சட்டம் போட்டு 24 ஆக்கினார்கள். அமெரிக்காவில் பொதுவாக 20. இருபத்தைந்தாவது வாரத்தில் உயிரில்லாமல் பிறக்கும் ஒரு குழந்தை லண்டனில் பதிவேட்டில் ஏறும், சென்னையில் ஏறாது. சென்னையில் அதற்குப் பெயர் கருக்கலைவு. அம்மாவுக்கு வலி அதே வலிதான். பால் கட்டுவதும் அதே மாதிரிதான்.

2

இப்போது சொற்களுக்கு வருவோம். தமிழில் இதற்கு ஒரு நிலையான சொல் கிடையாது. அரசுத் தாள்களில் 'உயிரற்ற பிறப்பு', செய்தித்தாளில் 'இறந்தே பிறந்த குழந்தை', ஊரில் 'செத்துப் பொறந்துச்சு'. பல வீடுகளில் இதுவும் கிடையாது. 'முதல் புள்ள தங்கல' என்பதோடு முடித்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் கலைந்ததும், ஒன்பது மாதம் சுமந்து இறந்து பிறந்ததும், பிறந்து பத்து நாளில் போனதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். கேட்பவருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்கிற வாக்கியம் அது. சொல்கிறவளுக்கு என்ன ஆகிறது என்பது வேறு விஷயம்.

இலக்கியத்தில் இந்தச் சொல்லை நாம் எங்கே அதிகம் பயன்படுத்துகிறோம்? விமர்சனத்தில். 'குறைப்பிரசவக் கவிதைகள்', 'செத்துப் பிறந்த நாவல்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறோம். இது தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. சில்வியா பிளாத் 1960இல் எழுதிய ஒரு கவிதைக்குத் தலைப்பே 'ஸ்டில்பார்ன்'. அது குழந்தையைப் பற்றியது இல்லை, உயிர் பெறாமல் போன தன் கவிதைகளைப் பற்றியது. பிளாத்தைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, கர்ப்பம் கலைவதைப் பற்றி நேரடியாகவும் எழுதியவர் அவர். உவமையாக ஒரு விஷயம் எவ்வளவு புழங்குகிறதோ, அந்த அளவுக்கு அதை நேராகப் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பும் நமக்கு வந்துவிடுகிறது. ஒரு மோசமான கவிதைத் தொகுப்புக்கு அந்தப் பெயரை வைப்பவர், அந்தச் சொல் இன்னும் தேவைப்படுகிற ஒருத்தியிடமிருந்து அதை எடுத்துக்கொள்கிறார்.

நேராகப் பார்த்த பழைய பிரதி ஒன்று நம்மிடம் இருக்கிறது. புறநானூற்றின் 74ஆவது பாடல், சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. சோழனிடம் சிறைப்பட்டு, தண்ணீர் கேட்டு, அது தாமதமாக வந்ததால் குடிக்காமல் உயிர்விட்ட கதையோடு நாம் பள்ளியில் படித்தது. மான உணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகவே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடல் தொடங்கும் இடத்தை வகுப்பில் யாரும் விளக்குவதில்லை. தன் குலத்தில் குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், இது ஆள் இல்லை என்று விட்டுவிடாமல் அதன்மேல் வாளை வைப்பார்கள் என்கிறார் சேரன். போரில் விழுப்புண் பட்டு இறந்தவனுக்கு உள்ள மதிப்பு அதற்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்த வழக்கத்தின் பொருள்.

படிவம் 3ஐ மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பாடலைத் திரும்ப வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஆளா, இல்லையா' என்ற அதே கேள்வி. சேரன் குலம் 'ஆள்தான்' என்று விடை சொல்கிறது, அந்த விடையை உடம்பிலேயே எழுதவும் செய்கிறது. வார வரம்புகூட இல்லை, உருவம் சேராத பிண்டத்துக்கும் இடம் உண்டு. ஆனால் இதைப் பழம்பெருமையாக எடுத்துக்கொண்டு ஓடிவிட முடியாது. அந்தக் குழந்தை கணக்கில் வருவது அதற்காகவோ அதைச் சுமந்தவளுக்காகவோ இல்லை. வீரர் குலத்தின் வரிசையில் ஓட்டை விழக் கூடாது என்பதற்காக. அத்தனை வரிகளிலும் அந்தப் பிரசவ அறையில் கிடந்தவளின் குரல் வரவே இல்லை. எண்ணுவது நல்லதுதான், யாருக்காக எண்ணுகிறோம் என்பதையும் கேட்க வேண்டும் என்று இந்தப் பாடலே நமக்குச் சொல்லித் தருகிறது.

3

சுமந்தவளே எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு எலிசபெத் மெக்ராக்கன் 2008இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு ஒரு பதில். 'அன் எக்ஸாக்ட் ரெப்ளிகா ஆஃப் எ ஃபிக்மென்ட் ஆஃப் மை இமாஜினேஷன்' என்பது தலைப்பு. கற்பனையில் மட்டும் இருந்த ஒன்றின் அச்சு அசலான நகல் என்று தமிழில் சொல்லலாம். மெக்ராக்கன் அமெரிக்க நாவலாசிரியர். கணவர் எட்வர்ட் கேரியும் எழுத்தாளர். பிரான்ஸில் தங்கியிருந்த காலத்தில், 2006இல், ஒன்பதாவது மாதத்தில் அவர்களுடைய முதல் மகன் வயிற்றிலேயே இறந்துபோனான். வயிற்றில் இருந்தபோது அவனுக்கு வைத்திருந்த செல்லப்பெயர் புட்டிங். ஒரு வருஷம் கழித்து இரண்டாவது மகன் பிறந்தான். இந்த இரண்டுக்கும் நடுவிலும் பிறகும் நடந்தவைதான் புத்தகம்.

இந்தப் புத்தகத்தை நான் நல்ல புத்தகம் என்று சொல்வதற்கு முதல் காரணம், அது ஆறுதல் சொல்ல மறுப்பது. 'எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கும்' வகையறா அதில் கிடையாது. இரண்டாவது குழந்தை முதல் குழந்தையின் இடத்தை நிரப்பிவிட்டான் என்ற முடிவும் கிடையாது. இரண்டு பிள்ளைகள், ஒருவன் இருக்கிறான், ஒருவன் இல்லை. கணக்கு அப்படியே நிற்கிறது. இரண்டாவது காரணம், சிரிப்பு. மருத்துவமனையில் கன்னியாஸ்திரி ஒருவரிடம் பேசுகிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டது, 'குள்ளரிடம் பேசுகிறீர்களா' என்று காதில் விழுந்த ஒரு இடம் வருகிறது. துக்க வீட்டுக்கு என்றே இந்த நாட்டில் குள்ளர்களை வைத்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் எழவு வீடுகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தச் சிரிப்பு புரியும். அது துக்கத்துக்கு மரியாதைக் குறைவு இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு இடம். கையில் ஒரு கட்டு அட்டைகள் வைத்துக்கொள்ள வேண்டும், 'என் முதல் குழந்தை இறந்து பிறந்தது' என்று அதில் அச்சடித்திருக்க வேண்டும், சந்திப்பவர்களிடம் ஒன்று கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தானே வாயால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வாசித்தவர்கள் பலரும் இந்தப் பகுதியைத் துக்கத்தின் விசித்திரமாகத்தான் நினைவு வைத்திருப்பார்கள். எனக்கு அது ஒரு சான்றிதழுக்கான கோரிக்கையாகப் படுகிறது. எத்தனையோ நூறு பக்கம் எழுதக்கூடிய ஒரு நாவலாசிரியர், கடைசியில் ஒரு வரித் தகவலை அச்சில் கேட்கிறார். அழகான வாக்கியம் அவருக்குத் தேவைப்படவில்லை. பதிவு தேவைப்படுகிறது.

நெதர்லாந்து இதைப் புரிந்துகொண்டது. 2019 பிப்ரவரியிலிருந்து அங்கே இறந்து பிறந்த குழந்தையைப் பெற்றோர் தங்கள் குடிமக்கள் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை வருஷம் முன்னால் பிறந்திருந்தாலும் சரி. கட்டாயம் இல்லை, கேட்டால் செய்துகொடுப்பார்கள். அந்த அட்டைக் கட்டின் அரசாங்க வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

மெக்ராக்கன் புத்தகத்துக்கு எல்லை உண்டு. அது துக்கத்தின் புத்தகம், விசாரணையின் புத்தகம் இல்லை. ஏன் நடந்தது, யார் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்விகளை மையத்தில் வைத்து அது நகர்வதில்லை. ஒரு ஆளின் நினைவுக்குறிப்பிடம் அதைக் கேட்பது நியாயமும் இல்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியவை அறிக்கைகளும் பதிவேடுகளும். அவை அதைச் செய்கின்றனவா?

4

ஐநாவின் முகமைகள் சேர்ந்து 2020 அக்டோபரில் ஒரு அறிக்கை வெளியிட்டன. தலைப்பை 'கவனிக்கப்படாத ஒரு பெருந்துயரம்' என்று மொழிபெயர்க்கலாம். இறந்து பிறத்தல் பற்றி மட்டும் அவர்கள் கூட்டாக வெளியிட்ட முதல் மதிப்பீடு அது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் குழந்தைகள். 16 விநாடிக்கு ஒன்று. இதில் 84 விழுக்காடு வறிய, கீழ் நடுத்தர வருமான நாடுகளில். எண்ணிக்கையில் முதல் இடம் இந்தியாவுக்கு, 2019இல் சுமார் 3.4 லட்சம்.

செய்திகளில் எல்லாம் வந்தது அந்த 16 விநாடிதான். நீங்கள் இந்தப் பத்தியை வாசித்து முடிப்பதற்குள் இத்தனை என்று கணக்குப் போட்டுக் காட்டுவது அறிக்கை எழுதுகிறவர்களுக்குப் பிடித்த உத்தி. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. கடிகாரத்தைக் காட்டினால் திகைப்பு வரும், புரிதல் வராது. அதே அறிக்கையில் இருக்கும் இன்னொரு எண்ணைத்தான் தலைப்பில் போட்டிருக்க வேண்டும். இந்த இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பிரசவ வலி தொடங்கிய பிறகு நடப்பவை. அதாவது, அம்மா மருத்துவமனை வாசலுக்கு வரும்போது அந்தக் குழந்தைகள் பலருக்கு இதயத் துடிப்பு இருந்திருக்கிறது. துடிப்பைத் தொடர்ந்து கேட்க ஒரு ஆள், சிக்கல் என்றால் உடனே அறுவை செய்ய ஒரு அறை, இரண்டும் இருந்திருந்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்திருப்பார்கள். 'விதி' என்று நாம் சொல்லிக்கொள்ளும் இடத்தில் நிறைய இடங்களில் இருப்பது ஆள் பற்றாக்குறை.

'கவனிக்கப்படாத' என்ற சொல்லிலும் ஒரு நழுவல் இருக்கிறது. கவனிக்காமல் விட்டது யார்? ஐநாவின் 2000ஆம் ஆண்டு புத்தாயிரம் இலக்குகளில் குழந்தை இறப்பு இருந்தது, தாய் இறப்பு இருந்தது, இறந்து பிறத்தல் இல்லை. 2015இல் வந்த நீடித்த வளர்ச்சி இலக்குகளிலும் இல்லை. பிறந்து 28 நாளுக்குள் இறப்பதற்கு இலக்கு உண்டு, பிறப்பதற்கு ஒரு மணிநேரம் முன்னால் இறப்பதற்கு இல்லை. 2014இல் உலகப் பச்சிளங்குழந்தைச் செயல்திட்டம் தனியாக ஒரு இலக்கை வைத்தது: 2030க்குள் எல்லா நாடுகளிலும் ஆயிரம் பிறப்புக்கு 12 அல்லது அதற்குக் கீழே. அதே வருஷம் இந்தியா தன் திட்டத்தில் ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. நல்ல இலக்கு. ஆனால் நம்முடைய மாதிரிப் பதிவு முறை பல வருஷங்களாகவே ஒற்றை இலக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது! ஐநா மதிப்பீட்டில் பாதியைக்கூட அது தொட்டதில்லை. அளக்காமல் விட்டாலே எட்டிவிடக்கூடிய இலக்காக அது ஆகிவிடுகிறது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஒரு டேட்டாபேஸில் பூஜ்யத்துக்கும் காலிக் கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் பாடங்களில் ஒன்று. பூஜ்யம் என்றால் பார்த்தோம், ஒன்றும் இல்லை. காலி என்றால் பார்க்கவில்லை. காலியைப் பூஜ்யமாக மாற்றிவிட்டுக் கூட்டினால் அறிக்கை சுத்தமாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

பார்த்து எழுதிய கட்டத்திலும் பிரச்சினை வரலாம். 2020இல் வந்த 'பீசஸ் ஆஃப் எ வுமன்' படம் நினைவிருக்கலாம். வீட்டில் நடக்கும் பிரசவம், நீளமான ஒரே காட்சி, குழந்தை அழுகிறது, சில நிமிடத்தில் நீலமாகி இறந்துவிடுகிறது. பிறகு பிரசவம் பார்த்த பெண்மீது வழக்கு. வெனெஸா கிர்பியின் நடிப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். கவனிக்க வேண்டியது, அந்தக் கதையே நிற்பது குழந்தையின் அந்தச் சின்ன அழுகையின் மேல்தான். அழுததால் அது உயிரோடு பிறந்தது, அதனால் அது இறப்பு, அதனால் ஒரு நீதிமன்றம். அழாமல் இருந்திருந்தால் அது வேறு பதிவேடு.

நெரிசலான ஒரு பிரசவ அறையில் இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்று யோசியுங்கள். இறந்து பிறந்ததை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். தோல் உரிந்து இருந்தால் இறந்து பல மணிநேரம் ஆகிவிட்டது, வயிற்றிலேயே முன்பே நடந்தது. தோல் அப்படியே இருந்தால் சற்றுமுன், பெரும்பாலும் பிரசவத்தின்போது. மூச்சுவிடாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு இதயம் மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்டுப் பார்க்காவிட்டால் அது இரண்டாவது வகையில் போய்ச் சேர்ந்துவிடும். தான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு ஒரு எளிய பயிற்சி கொடுத்தார்கள். பிறந்ததும் துடைத்து, தேய்த்து, மூச்சு வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுப்பது. 2013இல் வெளியான முடிவின்படி, முதல் 24 மணிநேர இறப்பு 47 விழுக்காடு குறைந்தது. அதோடு, 'சற்றுமுன் இறந்து பிறந்தவை' என்று எழுதப்பட்டவையும் 24 விழுக்காடு குறைந்தன. பையும் முகமூடியும் இறந்தவர்களை எழுப்பாது. பதிவேட்டில் இறந்து பிறந்ததாக ஏறிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் இறந்திருக்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

5

'தெரிந்திருந்தால், சாவுக்குக் காரணம்' என்கிறது படிவம். தெரிந்துகொள்ள யார் முயன்றார்கள்?

அமெரிக்காவில் ஒரு ஆய்வுக் குழு 512 இறந்த பிறப்புகளை எடுத்துக்கொண்டு எந்தப் பரிசோதனை காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுகிறது என்று பார்த்தது. 2017இல் வந்த அந்த முடிவில் முதல் இடம் பெரிய இயந்திரம் எதற்கும் இல்லை. நச்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்ப்பது ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்கு உதவியது. குழந்தையின் உடற்கூறாய்வு ஏறத்தாழ 42 விழுக்காட்டினருக்கு. உடற்கூறாய்வுக்குக் குடும்பங்கள் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை, பச்சை உடம்பை அறுக்கவா என்பார்கள். நச்சுக்கொடிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஆனால் நம் மருத்துவமனைகளில் அது பொதுவாக எங்கே போகிறது? கழிவு மேலாண்மை விதிப்படி மஞ்சள் பைக்குள். அதிக விடை வைத்திருக்கும் சாட்சியை விசாரிக்காமலே எரித்துவிடுகிறோம்.

இதைவிட எளிய ஆராய்ச்சி முறை ஒன்று உண்டு. அம்மாவிடம் கேட்பது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், குழந்தையை இழந்த பெண்களிடமும் அதே வாரக் கர்ப்பத்தில் இருந்த மற்ற பெண்களிடமும் அன்றாட விஷயங்களைக் கேட்டார்கள். எப்படித் தூங்கினீர்கள் என்பதும் ஒரு கேள்வி. 2011இல் வெளியான அந்த ஆய்வு, மல்லாந்து படுப்பதற்கும் கடைசி மூன்று மாதத்தில் நடக்கும் இறப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. பிறகு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் பார்த்தபோது, 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப் போவது ஆபத்தை இரண்டரை மடங்குக்கும் மேல் கூட்டுகிறது என்று உறுதியானது. ஒருக்களித்துப் படுப்பதற்குக் காசு செலவில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் 'ஒருக்களிச்சுப் படு' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த அறிவுரை ஒரு ஆதாரமாக மாற, இழந்தவர்களிடம் போய் யாராவது உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. குற்ற உணர்ச்சியைக் கிளறிவிடுவோமோ என்று பயந்து கேட்காமல் இருந்தவரை அது தெரியாமலேயே இருந்தது.

6

இங்கே ஒரு எதிர்ப்பு வரும், வர வேண்டும். பதிவு என்றால் கண்காணிப்பு. பெண்ணின் கர்ப்பத்தை அரசு வாரம் வாரமாகக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லதா?

எல் சால்வடோரைப் பாருங்கள். கருக்கலைப்பு முழுக்கத் தடை செய்யப்பட்ட நாடு. பிரசவச் சிக்கலில் குழந்தையை இழந்து ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்த பெண்கள்மீது கொலைக் குற்றம் சுமத்திச் சிறையில் தள்ளினார்கள். மானுவேலா என்று வழக்கில் பெயரிடப்பட்ட பெண்ணுக்கு 30 வருஷச் சிறை. அவர் சிறைக்கைதியாகவே புற்றுநோயில் இறந்தார். 2021 நவம்பரில் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் அந்த அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வயிற்றில் இருப்பதை ஆள் என்று அறிவித்துவிட்டு, அந்த ஆளைக் கொன்றவள் அம்மாதான் என்று முடிவுகட்டும் அரசு என்ன செய்யும் என்பதற்கு இது சாட்சி. சேரன் பாட்டில் இல்லாமல் போன தாய், இங்கே குற்றவாளிக் கூண்டில் வந்து நிற்கிறாள்.

அதனால் பதிவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. பார்க்க வேண்டியது பதிவேட்டின் கேள்விகள் யாரை நோக்கித் திரும்பியிருக்கின்றன என்பதை. படிவம் 3ஐ மறுபடியும் பாருங்கள். அம்மாவின் வயது, அம்மாவின் படிப்பு. பிரசவம் பார்த்தது யார் என்பதைத் தவிர மருத்துவமனையை நோக்கி ஒரு கேள்விகூட இல்லை. எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்கு யார் பார்த்தார்கள், கடைசியாக எப்போது துடிப்பு கேட்டது, ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வந்தது? உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் கேட்கச் சொல்கிறது. ஒவ்வொரு இறப்பையும் உட்கார்ந்து பரிசீலிக்க வேண்டும், யாரையும் தண்டிப்பதற்காக இல்லாமல் அடுத்ததைத் தடுப்பதற்காக. அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கும் ஒரு படிவம், கேட்காமலேயே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது.

7

கடைசியாக ஒரு கேள்வியைப் பற்றி. மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளுக்காக உலகம் முழுக்க வீடு வீடாகப் போகிறவர்கள், நெடுங்காலமாகப் பெண்களிடம் உயிரோடு பிறந்த குழந்தைகளின் பட்டியலைத்தான் விரிவாகக் கேட்டுவந்தார்கள். அதற்குப் பதிலாக எல்லாக் கர்ப்பங்களையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்டால் என்ன ஆகும் என்று வங்கதேசம், எத்தியோப்பியா, கானா, கினி-பிசாவ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் சோதித்தார்கள். ஓரிரு நிமிடம் கூடுதலாக ஆனது. இறந்து பிறந்தவை கூடுதலாகப் பதிவாயின. இப்போது அந்த ஆய்வுகளின் கேள்வித்தாளே மாறியிருக்கிறது, எல்லாக் கர்ப்பங்களையும் கேட்கிறார்கள்.

நம் ஊரில் வயதான பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? என் அப்பாயி தலைமுறையில் ஒற்றை எண்ணில் பதில் வராது. 'பெத்தது எட்டு, நின்னது அஞ்சு' என்பார்கள். மூத்தது ஆண், ஏழு மாசத்துல செத்துப் பொறந்துச்சு, நல்ல செவப்பு, அப்ப ஐப்பசி மழை என்று வரிசையாக வரும். பெயர் இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும். குடும்ப அட்டையில் ஐந்து பேர், கிழவியின் கணக்கில் எட்டு. மருத்துவம் முன்னேறி, ஒன்றோ இரண்டோ பெற்றுக்கொள்ளும் நம் தலைமுறையில் இந்தப் பதில் மறைந்துவிட்டது. மறைந்ததற்கு நல்ல காரணமும் இருக்கிறது, இழப்புகள் குறைந்திருக்கின்றன. ஆனால் இன்று இழப்பவளுக்கு அந்த இரட்டை எண்ணைச் சொல்லும் பழக்கம்கூடக் கைவசம் இல்லை. 'முதல் குழந்தையா?' என்று ஸ்கேன் அறையில் கேட்கும்போது ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று அவள் தடுமாறுகிறாள்.

பெல் மூனி என்ற பத்திரிகையாளர் 1976இல், தனக்கு இறந்து பிறந்த மகனைப் பற்றிக் கார்டியனில் ஒரு கட்டுரை எழுதினார். அதை வாசித்த பெண்கள் தங்கள் கதைகளை எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டு வருஷத்தில் பிரிட்டனில் சேண்ட்ஸ் என்ற அமைப்பு உருவானது. இன்றுவரை ஆராய்ச்சிக்கும் பதிவுக்கும் அரசை நச்சரித்துக்கொண்டிருக்கும் அமைப்பு அது. எழுத்து என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வேன். ஒருத்தி எழுதியதால் மற்றவர்கள் தங்களை எண்ணிக்கொண்டார்கள்.

தமிழில் தாய்மையைப் பற்றி மலையளவு எழுதியிருக்கிறோம். அதில் 'முதல் புள்ள தங்கல' என்று ஒரு வரியில் கடந்துபோன பாத்திரங்கள் எத்தனை என்று அடுத்த தடவை வாசிக்கும்போது பாருங்கள். அந்த வரியில் நிறுத்தி, எத்தனையாவது வாரம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குத் துடிப்பு நின்றது, யார் வந்து சொன்னார்கள் என்று கேட்டு எழுதுகிற ஒரு நாவல் நமக்கு வேண்டும். அதே கேள்விகளைக் கேட்கிற ஒரு படிவமும் வேண்டும். எது முதலில் வந்தாலும் சரி.